வெம்ப்ளி, 1953: ஹங்கேரியின் ஆறு கோல்கள் எங்கிருந்து வந்தன

கேள்வி இது: 1953 நவம்பர் 25 அன்று லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் ஹங்கேரி இங்கிலாந்தை 6-3 என்று வென்றது. அது ஒரு நட்பு ஆட்டம்தான். கோப்பை கிடையாது, தகுதிச் சுற்றும் கிடையாது. அதைப் பற்றி இன்னும் ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்? ஹிடெக்குட்டி என்ற சென்டர் ஃபார்வர்டு (முன்வரிசையின் நடுவில் நிற்க வேண்டியவர்) பின்னால் இறங்கி ஆடினார், இங்கிலாந்து குழம்பிப் போனது, அவ்வளவுதானே?

கேள்வியின் இரண்டாவது பாதியிலிருந்து தொடங்குகிறேன். முதல் பாதிக்கான பதிலும் அதற்குள்தான் இருக்கிறது. ஹிடெக்குட்டி பின்னால் இறங்கினார் என்பது உண்மை. ஆனால் ஒருவர் இடம் மாறியதால் மட்டும் ஆறு கோல் விழாது. அவர் காலி செய்த இடத்துக்குள் மற்றவர்கள் யார், எப்போது, எந்தப் பக்கத்திலிருந்து வந்தார்கள் என்பதில்தான் அந்த அணியின் பலம் இருந்தது. இங்கிலாந்தில் ஒவ்வொருவருக்கும் தன் இடம் தெரியும், தன் ஆளைத் தெரியும். ஹங்கேரியில் ஒவ்வொருவருக்கும் மற்ற பத்துப் பேரின் இடமும் தெரிந்திருந்தது. அன்று தோற்றது ஒரு அணி மட்டுமல்ல, ஏறக்குறைய முப்பது வருடமாக யாரும் கேள்வி கேட்காத ஒரு ஆட்டமுறையும் சேர்ந்துதான்.

அந்த ஆட்டமுறையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 1925-ல் ஆஃப்சைடு விதி மாறியது. அதுவரை பந்து வாங்க முன்னே நிற்கும் ஆளுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே எதிரணியினர் மூன்று பேராவது இருக்க வேண்டும். புதிய விதிப்படி இரண்டு பேர் போதும். உடனே கோல்கள் குவிய ஆரம்பித்தன. தடுப்பைப் பலப்படுத்த, நடுக்களத்தில் ஆடிக்கொண்டிருந்த சென்டர் ஹாஃபை இரண்டு ஃபுல்பேக்குகளுக்கு (பின்வரிசைத் தடுப்பாளர்கள்) நடுவே பின்னால் இழுத்து நிறுத்தினார்கள். ஹெர்பர்ட் சாப்மனின் ஆர்சனல் அணி இதைச் செம்மைப்படுத்தியது. அதுதான் டபிள்யூ-எம் முறை. பின்னால் மூன்று பேர், அவர்களுக்கு முன்னால் நடுக்களத்தில் இரண்டு ஹாஃப்கள், பிறகு இரண்டு இன்சைடு ஃபார்வர்டுகள், கடைசியில் முன்வரிசையில் மூன்று பேர். மேலிருந்து பார்த்தால் டபிள்யூ, எம் என்ற இரண்டு எழுத்துகள் தெரியும்.

இதில் எல்லாமே ஜோடி ஜோடியாக அமைந்துவிடும். ஃபுல்பேக், ஓரத்தில் ஆடும் எதிரணி விங்கரைப் பார்த்துக்கொள்வார். ஹாஃப்கள் இன்சைடு ஃபார்வர்டுகளைப் பார்த்துக்கொள்வார்கள். சென்டர் ஹாஃபான 5-ஆம் எண்காரரின் வேலை 9-ஆம் எண் போட்ட சென்டர் ஃபார்வர்டை ஒட்டியே நிற்பது. எதிரணியும் இதே முறையில் ஆடும் வரைக்கும் சிக்கலே இல்லை. யார் திறமைசாலியோ அவர் ஜெயிப்பார்.

இப்போது ஹாரி ஜான்ஸ்டனின் நிலையில் நின்று பாருங்கள். அன்றைக்கு இங்கிலாந்தின் 5-ஆம் எண் அவர்தான். பிளாக்பூல் அணியின் கேப்டன், அனுபவஸ்தர். அவருடைய ஆள், ஹங்கேரியின் 9-ஆம் எண்ணான நான்டோர் ஹிடெக்குட்டி. ஆனால் அந்த 9 முன்னால் நிற்கவே இல்லை, நடுக்களத்தில் உலவிக்கொண்டிருக்கிறார். ஜான்ஸ்டன் அவரைத் துரத்திக்கொண்டு முன்னே போனால், முதுகுக்குப் பின்னால் கோலுக்கு நேராக ஒரு பெரிய வெற்றிடம் திறந்துகொள்ளும். ஹங்கேரியின் இன்சைடு ஃபார்வர்டுகள் ஃபெரென்ட்ஸ் புஷ்காஷும் ஷான்டோர் கோச்சிஷும் அதற்குள் பாய்வதற்காகவே காத்திருக்கிறார்கள். சரி, போகாமல் நின்றுகொண்டால்? ஹிடெக்குட்டிக்குப் பந்தை வாங்கித் திரும்பி, நிமிர்ந்து பார்த்து, பாஸ் கொடுக்கவோ சுடவோ நேரம் கிடைத்துவிடும். எது செய்தாலும் தவறாக முடிகிற இடத்தில் அவரைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். தொண்ணூறு நிமிடமும் அவர் இரண்டுக்கும் நடுவே அல்லாடினார்.

'இங்கிலாந்தின் இன்சைடு ஃபார்வர்டுகளில் ஒருவர் கீழே இறங்கி ஹிடெக்குட்டியைப் பிடித்திருக்கலாமே' என்று தோன்றும். பிடித்திருக்கலாம்தான், ஆனால் அங்கே ஹங்கேரியின் யோஷெஃப் போஸிக் இருந்தார். பெயருக்கு ஹாஃப். உண்மையில் அந்த அணி எந்த வேகத்தில் ஆட வேண்டும் என்பதைத் தீர்மானித்தவர் அவர். ஓட்டத்தில் பெரிய வேகம் கிடையாது, ஆனால் அவர் காலிலிருந்து கிளம்பும் பாஸ் போக வேண்டிய இடத்துக்குச் சரியாகப் போகும். ஹிடெக்குட்டியைப் பிடிக்கப் போனால் போஸிக் தனியாக நிற்பார். போஸிக்கைப் பிடிக்கப் போனால் ஹிடெக்குட்டி தனியாக நிற்பார். இன்னொரு ஹாஃபான ஸகாரியாஷ், சென்டர் ஹாஃப் லோரண்டுக்குப் பக்கத்தில் பின்னால் இறங்கி நின்றுகொண்டார். அதனால் பின்வரிசையில் நான்கு பேர், நடுவில் இரண்டு பேர், முன்னால் நான்கு பேர் என்று அணியின் அமைப்பே மாறிவிட்டது. பிரேசில் 1958-ல் உலகக் கோப்பையை வென்றபோது உலகம் வியந்து பார்த்த 4-2-4-க்கு மிக நெருக்கமான உருவம் இது.

ஹிடெக்குட்டியைப் புகழ்பவர்கள் பெரும்பாலும் மறந்துவிடும் பெயர் மார்ட்டோன் புகோவி. புடாபெஸ்டின் எம்டிகே அணியின் பயிற்சியாளர். முட்டி மோதி இடம் பிடிக்கும் சென்டர் ஃபார்வர்டு கையில் இல்லாத நிலையில், அந்த இடத்தில் ஆடுபவரைப் பின்னால் இறக்கி ஆட வைக்கும் யோசனையை அங்கே வளர்த்தவர் அவர்தான். முதலில் பீட்டர் பலோடாஷ் அந்த வேலையைச் செய்தார். 1952 செப்டம்பரில் பெர்ன் நகரில் ஸ்விட்சர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் ஹங்கேரி 0-2 என்று பின்தங்கியிருந்தது. பலோடாஷுக்குப் பதிலாக ஹிடெக்குட்டி இறங்கினார், ஹங்கேரி 4-2 என்று வென்றது. அதற்குப் பிறகு அந்த இடம் அவருடையது. அப்போதே அவருக்கு முப்பது வயது. விங்கராக ஆடி வந்தவர் என்பதால் ஓட்டமும் இருந்தது, நடுக்களத்தில் நின்று யோசித்து ஆடும் நிதானமும் வந்திருந்தது.

தேசிய அணியின் பொறுப்பாளர் குஸ்தாவ் செபெஷ், விளையாட்டுத் துறையின் துணை அமைச்சரும் கூட. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஹங்கேரி தங்கம் வென்றபோது அங்கிருந்த இங்கிலாந்து கால்பந்துச் சங்கச் செயலாளர் ஸ்டான்லி ரௌஸ், வெம்ப்ளிக்கு வரச் சொல்லி அழைப்பு விடுத்தார். அந்த அழைப்பை செபெஷ் எப்படி எடுத்துக்கொண்டார் என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வெம்ப்ளி மைதானத்தின் அளவுகளைக் குறித்துக்கொண்டார். புடாபெஸ்டில் அதே அளவில் பயிற்சிக் களம் தயாரானது. அன்று இங்கிலாந்தில் பயன்படுத்திய பந்து கனமானது, எகிறும் விதமும் வேறு. எனவே அந்தப் பந்துகளையே வரவழைத்துப் பழகினார்கள். உள்ளூர் அணிகளை ஆங்கிலேயர் பாணியில் ஆடச் சொல்லி அவர்களோடு மோதிப் பார்த்தார்கள். லண்டன் போகிற வழியில் பாரிஸில் இறங்கி, ரெனோ கார் தொழிற்சாலைத் தொழிலாளர் அணியோடும் ஒரு ஆட்டம் ஆடினார்கள். எதிராளி எவ்வளவு பலமானவன் என்று மதித்துத் தயாராவது இப்படித்தான் இருக்கும்.

இங்கிலாந்து தரப்பில் இப்படி எதுவும் நடக்கவில்லை. வால்டர் வின்டர்பாட்டம் மேலாளர், நல்ல சிந்தனையாளர். ஆனால் அணியைத் தேர்ந்தெடுத்தது சங்கத்தின் தேர்வுக் குழு. பதினொரு பேரும் ஒன்றாகப் பழகச் சில நாட்கள்தான் கிடைக்கும். அன்றைய அணியில் ஜான்ஸ்டன், ஸ்டான்லி மேத்யூஸ், ஸ்டான் மார்டென்சன், எர்னி டெய்லர் என நால்வர் பிளாக்பூல்காரர்கள். அவர்களில் டெய்லருக்கு அதுதான் முதல் சர்வதேச ஆட்டம். இடது விங்கில் ஆடிய ஜார்ஜ் ராப் பள்ளி ஆசிரியர், அவருக்கும் அதுவே முதல் ஆட்டம். ஹங்கேரியின் பதினொரு பேரில் ஏழு பேர் ஹோன்வேட் அணியினர், மூவர் எம்டிகே அணியினர். ஃபுல்பேக் புஸான்ஸ்கி மட்டும் டோரோக் அணி. வாரம் முழுக்க ஒன்றாகவே பயிற்சி செய்பவர்கள்.

இந்த வசதி எங்கிருந்து வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஹங்கேரியின் கம்யூனிஸ்ட் தலைவர் ராகோஷியின் ஆட்சி கிஷ்பெஷ்ட் என்ற புறநகர் அணியை ராணுவத்தின் அணியாக மாற்றி, ஹோன்வேட் என்று பெயரும் வைத்தது. நல்ல ஆட்டக்காரர்களைக் கட்டாய ராணுவ சேவை என்ற பெயரில் அங்கே கொண்டுவர முடிந்தது. எம்டிகே ரகசியப் போலீஸின் கைக்குப் போய்ப் பெயர்மேல் பெயர் மாறியது. புஷ்காஷுக்கு ராணுவப் பதவி, அதனால்தான் மேஜர் என்று செல்லப்பெயர். அந்த அணியின் அழகை ரசிப்பவர்கள், அது ஒரு சர்வாதிகாரத்தின் கீழே கட்டப்பட்டது என்பதையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அழகு அதனால் குறைந்துவிடாது.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். சுமார் 1,05,000 பேர் திரண்டிருந்தார்கள். பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியிலிருந்து வந்த எந்த அணியிடமும் இங்கிலாந்து சொந்த மண்ணில் அதுவரை தோற்றதில்லை. (1949-ல் லிவர்பூலின் குடிசன் பார்க்கில் அயர்லாந்திடம் 0-2 என்று தோற்றது. அதை 'வெளிநாட்டுத் தோல்வி' என்று அங்கே கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.) ஆட்டம் தொடங்கும் முன் மைய வட்டத்தில் நின்று புஷ்காஷ் பந்தைக் காலில் தட்டித் தட்டி விளையாடிக்கொண்டிருந்தார். குட்டையான, கொஞ்சம் பருத்த உடல்வாகு. அவரைப் பார்த்து இங்கிலாந்து வீரர்கள் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை.

முதல் நிமிடம் முடிவதற்குள் கோல். ஹிடெக்குட்டி பந்தோடு வந்தார், ஜான்ஸ்டனை ஒரு அசைவில் ஏமாற்றினார், பெனால்டி பெட்டிக்கு வெளியிலிருந்தே வலையின் மேல்பகுதிக்கு அடித்தார். கோல்கீப்பர் கில் மெரிக்கால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பதினைந்து நிமிடத்துக்குள் ஜாக்கி சியுவெல் சமன் செய்தார். அது நன்றாகக் கட்டப்பட்ட தாக்குதல், இங்கிலாந்து ஒன்றும் மரக்கட்டை அணி அல்ல என்பதற்கு அதுவே அத்தாட்சி. 20-ஆம் நிமிடத்தில் ஹிடெக்குட்டி மறுபடியும் அடிக்க, ஹங்கேரி 2-1.

24-ஆம் நிமிடத்தில் வந்த மூன்றாவது கோலைத்தான் உலகம் இன்றுவரை போட்டுப் பார்க்கிறது. அதில் எல்லாரும் புஷ்காஷின் காலைத்தான் பார்ப்பார்கள். அதற்கு முன் பாஸ் கொடுத்தவர் யார் என்று பாருங்கள். ஸோல்டான் சிபோர், இடது விங்கர். பாஸ் கொடுத்ததோ வலது பக்கத்திலிருந்து! இடது விங்கர் மைதானத்தின் மறுபக்கத்தில் நிற்கிறார் என்றால் அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டிய ஃபுல்பேக் எங்கே போவார்? கூடவே போனால் இடது பக்கம் திறந்துவிடும், போகாவிட்டால் சிபோர் தனியாள். ஜான்ஸ்டனுக்கு நடந்ததுதான் இங்கே இன்னொருவருக்கும் நடக்கிறது. இதனால்தான் ஹிடெக்குட்டியோடு மட்டும் கதையை முடித்துவிடக் கூடாது என்கிறேன்.

சிபோரின் பாஸ், கோலுக்கு முன்னால் உள்ள சிறு பெட்டியின் மூலை அருகே புஷ்காஷின் காலுக்கு வருகிறது. இங்கிலாந்து கேப்டன் பில்லி ரைட் வேகமாக வந்து சறுக்கிப் பாய்கிறார். புஷ்காஷ் ஷூவின் அடிப்பகுதியால் பந்தைப் பின்னுக்கு இழுக்கிறார். ரைட் பந்து இருந்த இடத்தைக் கடந்து வெளியே சறுக்கிப் போய்விடுகிறார். உடனே இடது கால், கிட்டத்துக் கம்பத்தை ஒட்டி ஒரு அடி, கோல். டைம்ஸ் பத்திரிகையின் ஜெஃப்ரி கிரீன் இதை, தீ வேறு எங்கோ எரிய, தப்பான இடத்துக்கு விரையும் தீயணைப்பு வண்டியோடு ஒப்பிட்டு எழுதினார். ரைட்டைப் பார்த்துச் சிரிப்பது நியாயம் இல்லை. அவர் அந்தக் காலத்தின் மிகச் சிறந்த தடுப்பாட்டக்காரர்களில் ஒருவர். அவருக்குக் கற்றுக்கொடுக்கப்பட்ட கால்பந்தில் அந்த இடத்தில் செய்ய வேண்டியது அதுதான்: வேகமாகப் போ, பந்தை அடித்து வெளியேற்று. அந்த இடத்தில் பந்து பின்னால் போகும் என்று அவர் எதிர்பார்க்க எந்தக் காரணமும் இல்லை.

மூன்று நிமிடத்தில் போஸிக்கின் ஃப்ரீ கிக் புஷ்காஷின் காலில் பட்டுத் திசை மாறி உள்ளே போனது. 4-1. மார்டென்சன் ஒன்று அடித்து இடைவேளைக்குள் 4-2 ஆக்கினார். இடைவேளைக்குப் பிறகு போஸிக் தூரத்திலிருந்து ஒன்று அடித்தார். அடுத்த சில நிமிடங்களிலேயே, ஒரு நீண்ட பாஸ் தொடருக்குப் பிறகு புஷ்காஷ் தூக்கிக் கொடுத்த பந்தை அது தரையைத் தொடுவதற்குள் அடித்து, ஹிடெக்குட்டி தன் மூன்றாவது கோலைப் போட்டார். 6-2. ராபை கோல்கீப்பர் க்ரோஷிச் வீழ்த்தியதற்குக் கிடைத்த பெனால்டியை ஆல்ஃப் ராம்சே உள்ளே போட்டார். ஆட்டத்தில் இன்னும் அரைமணி நேரம் மிச்சம் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு கோல் விழவில்லை. ஹங்கேரி கோலை நோக்கி 35 முறை, இங்கிலாந்து 5 முறை அடித்ததாக வழக்கமாகக் குறிப்பிடுவார்கள். அந்தக் கணக்கோடு பார்த்தால் 6-3 என்பது இங்கிலாந்துக்குச் சாதகமான ஸ்கோர்.

'தெரியாத அணியிடம் திடீரென்று தோற்றார்கள்' என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. எச்சரிக்கைகள் வரிசையாக வந்திருந்தன. 1950 உலகக் கோப்பையில் அமெரிக்காவிடம் 0-1 என்று தோற்றதை வெறும் துரதிர்ஷ்டம் என்று ஒதுக்கினார்கள். ஹங்கேரி ஒலிம்பிக் தங்கம் வென்ற அணி. 1953 மே மாதம் ரோமில் இத்தாலியை 3-0 என்று வென்ற அணி. 1950 மே மாதத்துக்குப் பிறகு அதிகாரபூர்வ ஆட்டம் ஒன்றில்கூடத் தோற்காத அணி. வெம்ப்ளிக்குப் பத்து நாள் முன்பு புடாபெஸ்டில் ஸ்வீடனோடு 2-2 என்று சமன் ஆனதும், 'ஒன்றும் பெரிய அணி இல்லை' என்ற எண்ணம் இங்கிலாந்தில் பலப்பட்டது. அந்த ஸ்வீடனுக்குப் பயிற்சி கொடுத்தவர் ஜார்ஜ் ரேய்னர், ஒரு ஆங்கிலேயர். சொந்த ஊரில் போதிய வாய்ப்பு இல்லாமல் வெளிநாட்டில் பெயர் எடுத்தவர்.

அந்த வரிசையில் முக்கியமான இன்னொருவர் ஜிம்மி ஹோகன், லங்காஷயர்காரர். முதல் உலகப் போர் வெடித்தபோது வியன்னாவில் மாட்டிக்கொண்டார். எதிரி நாட்டுக்காரர் என்று பிடித்து வைக்கப்பட்டவர், பிறகு புடாபெஸ்டுக்கு வந்து போர் முடியும்வரை எம்டிகே அணிக்குப் பயிற்சி கொடுத்தார். பந்தைத் தரையோடு வைத்து, சின்னச் சின்ன பாஸ்களால் நகர்த்தும் ஸ்காட்லாந்து பாணியை அங்கே வேரூன்ற வைத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அதே எம்டிகே அணியில்தான் பின்னாளில் புகோவியும் ஹிடெக்குட்டியும் வருகிறார்கள். வெம்ப்ளி ஆட்டம் முடிந்ததும் ஹங்கேரி சங்கத் தலைவர் ஷான்டோர் பார்ச், தாங்கள் கற்ற கால்பந்துக்கு ஹோகனே காரணம் என்ற பொருளில் பேசினார். ஹோகன் அன்று ஆஸ்டன் வில்லாவின் இளம் ஆட்டக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்து மைதானத்தில்தான் உட்கார்ந்திருந்தார். எழுபதை தாண்டிய வயது அவருக்கு. தான் சொன்னதை இங்கே யாரும் கேட்கவில்லை, அங்கே ஒரு தலைமுறையே கேட்டிருக்கிறது என்பதை நேரில் பார்த்தார். இந்த ஆட்டத்தைப் பற்றி நினைக்கும்போது புஷ்காஷைவிட ஹோகனைப் பற்றித்தான் நான் அதிகம் நினைத்துக்கொள்வது.

அன்றைய அணியில் ராம்சே, எக்கர்ஸ்லி, ஜான்ஸ்டன், மார்டென்சன், டெய்லர், ராப் ஆகிய ஆறு பேரும் அதற்குப் பிறகு இங்கிலாந்துக்கு ஆடவே இல்லை. ஆளை மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைத்தார்கள். 1954 மே 23 அன்று புடாபெஸ்டில் மறு ஆட்டம். அதே டபிள்யூ-எம், அதே ஜோடிக் கணக்கு. ஹங்கேரி 7, இங்கிலாந்து 1. இங்கிலாந்தின் வரலாற்றில் இன்றுவரை அதைவிடப் பெரிய தோல்வி கிடையாது. ஹிடெக்குட்டி கொடுத்த தலைவலிக்கு ஆட்களை மாற்றுவது மருந்து அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

ஆனால் பார்வையாளர்களில் சிலர் சரியாகப் பார்த்தார்கள். மான்செஸ்டர் சிட்டி டான் ரெவியை ஹிடெக்குட்டி போலவே பின்னால் இறக்கி ஆடவைத்து, 1955-ல் எஃப்ஏ கோப்பை இறுதி ஆட்டத்துக்கு வந்து தோற்றது, 1956-ல் வென்றது. வெம்ப்ளியில் அன்று உட்கார்ந்திருந்த ரான் கிரீன்வுட் பின்னாளில் வெஸ்ட் ஹாம் அணிக்குப் பொறுப்பேற்றார். அவரிடம் வளர்ந்த பாபி மூர், ஜெஃப் ஹர்ஸ்ட், மார்ட்டின் பீட்டர்ஸ் மூவரும் 1966 உலகக் கோப்பை இறுதியில் ஆடினார்கள். அந்த அணியின் மேலாளர், 1953-ல் பெனால்டி போட்ட அதே ஆல்ஃப் ராம்சே. விங்கர்களே இல்லாமல் அணியை அமைத்துக் கோப்பையை வென்றார்.

ஹங்கேரிக்கு அந்தக் கோப்பை கிடைக்கவே இல்லை. 1954 ஜூலை 4 அன்று பெர்னில் நடந்த இறுதியில், எட்டே நிமிடத்தில் 2-0 என்று முன்னிலை பெற்றும் மேற்கு ஜெர்மனியிடம் 2-3 என்று தோற்றார்கள். 1956-ல் ஹங்கேரியில் நடந்த புரட்சியின்போது ஹோன்வேட் வெளிநாட்டுப் பயணத்துக்குக் கிளம்பியது. புஷ்காஷ், கோச்சிஷ், சிபோர் மூவரும் நாடு திரும்பவில்லை. புஷ்காஷ் ரியல் மாட்ரிட்டுக்கும், மற்ற இருவரும் பார்சிலோனாவுக்கும் போனார்கள். அந்த அணி அத்தோடு கலைந்தது.

2022 ஜூனில் மோலினோ மைதானத்தில் ஹங்கேரி இங்கிலாந்தை 4-0 என்று வென்றதும் பலர் 1953-ஐ நினைவுபடுத்தினார்கள். அதுவும் பெரிய வெற்றிதான். ஆனால் அன்று தோற்றது களைத்துப் போன ஒரு அணி மட்டுமே. அடுத்த நாள் எந்தப் பயிற்சியாளரும் தன் பலகையில் வரைந்ததை அழித்து முதலிலிருந்து வரைய வேண்டிய அவசியம் வரவில்லை. 1953-க்குப் பிறகு வந்தது.

அந்த ஆட்டத்தின் படப்பதிவு இணையத்தில் கிடைக்கிறது. பார்த்தால் ஒரு வேலை செய்யுங்கள்: ஒரு பத்து நிமிடம் பந்தை விட்டுவிட்டு, இங்கிலாந்தின் 5-ஆம் எண்ணை மட்டும் பின்தொடருங்கள். அவர் எத்தனை முறை ஒரு அடி முன்னே வைத்துவிட்டு மறுபடி பின்னே போகிறார், எத்தனை முறை தலையைத் திருப்பித் தன் முதுகுப் பக்கம் பார்க்கிறார் என்று கவனியுங்கள். அதன் பிறகு மூன்றாவது கோலை, சிபோருக்குப் பந்து வரும் இடத்திலிருந்து போட்டுப் பாருங்கள்.